காரப் பேட்டரிக்குக் கோபால்ட் மின்முனை: தூள் தயாரிப்பிலிருந்து சோதனை முடியும் வரை

கோபால்ட் நைட்ரேட் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். அதைக் காரக் கரைசலில் விட்டதும் நீல நிறத்தில் வீழ்படிவு விழும். கலக்கிக்கொண்டே இருந்தால் நீலம் மங்கி, கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறமாகிவிடும். மூடாமல் போட்டு வைத்தால் மேலிருந்து பழுப்பேறத் தொடங்கும். முதன்முதலில் செய்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, இரண்டு முறை கழிவுக் குப்பியில் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். தப்பு எதுவும் இல்லை. நீலம் ஆல்ஃபா கோபால்ட் ஹைட்ராக்சைடு. ரோஜா நிறம் அதன் பீட்டா வடிவம். பழுப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் கோபால்ட்டை இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து மூன்றுக்கு ஏற்றியதால் வந்த ஆக்சிஹைட்ராக்சைடு. பேட்டரியின் நேர்முனையில் சார்ஜ் ஏறி இறங்கும்போது நடப்பதும் பெரும்பாலும் இந்த ரோஜாவுக்கும் பழுப்புக்கும் இடையிலான போக்குவரத்துதான்.

இது ஆய்வகத்தில் முதல்முறை கோபால்ட் மின்முனை செய்யப்போகிறவர்களுக்காக எழுதுவது. புகை உறிஞ்சும் பெட்டியும் நுண்தராசும் மின்வேதி அளவீட்டுக் கருவியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. கோபால்ட் உலோகத்தையும் அதன் கரையும் உப்புகளையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. தூளைக் கையாளும்போது முகக்கவசம், கையுறை. காரத்தைக் கையாளும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இதில் பேரம் இல்லை.

படி 1: கோபால்ட்டுக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் தூள் தயாரிக்கப் போகாதீர்கள். காரப் பேட்டரியில் கோபால்ட் நான்கு வேடங்கள் போடுகிறது.

ஒன்று, துணைவேடம். நிக்கல் நேர்முனையில் துகள்களுக்கு இடையே மின்சாரம் கடத்தும் வலையாக நிற்பது. சந்தையில் கிடைக்கும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரிகளில் இதுதான் அதன் முக்கியமான உத்தியோகம். இரண்டு, தானே நேர்முனைப் பொருளாக, ஹைட்ராக்சைடாகவோ ஆக்சைடாகவோ நிற்பது. மூன்று, தானே எதிர்முனையாக, உலோகத்துக்கும் ஹைட்ராக்சைடுக்கும் இடையே மாறுவது. நான்கு, ஹைட்ரஜனைச் சேமிக்கும் உலோகக் கலவையில் ஓர் உறுப்பாக இருப்பது.

ஒவ்வொன்றுக்கும் மின்னழுத்த எல்லை வேறு, எதிரி வேறு. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றியது. அதைக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது.

படி 2: உச்ச வரம்பைச் சுவரில் எழுதுங்கள்

எடை போடுவதற்கு முன்பே செய்யவேண்டிய கணக்கு இது. ஒரு மோல் எலெக்ட்ரான் என்பது சுமார் 26,800 மில்லி ஆம்பியர் மணி. கோபால்ட் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 92.95 கிராம். ஆகவே ஓர் எலெக்ட்ரான் மாற்றத்துக்குக் கிராமுக்கு 288 மில்லி ஆம்பியர் மணிதான் வரும். ஆக்சிஹைட்ராக்சைடு இன்னும் ஓர் எலெக்ட்ரான் இழந்து கோபால்ட் டை ஆக்சைடு வரை முழுதாகப் போனால் 577. மூன்று கோபால்ட் கொண்ட ஆக்சைடை, அதாவது ஸ்பைனல் அமைப்பிலுள்ள கறுப்புத் தூளை, எடுத்தால் ஆக்சிஹைட்ராக்சைடு வரை 111, டை ஆக்சைடு வரை 445. எதிர்முனையில் உலோகக் கோபால்ட் இரண்டு எலெக்ட்ரான் தருவதால் கிராம் உலோகத்துக்கு 910.

இந்த எண்களைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையில் கோபால்ட் ஹைட்ராக்சைடுக்குக் கிராமுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபாரட் (மின்தேக்கிகளுக்கான அலகு) என்று பெருமையாக எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். 288 மில்லி ஆம்பியர் மணியை 3.6 ஆல் பெருக்கி 0.45 வோல்ட் எல்லையால் வகுத்துப் பாருங்கள், சுமார் 2300 வந்துவிடும். அதே பழைய 288, வேறு சட்டை போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் வளைவில் மேடு தெரிகிற பொருள் பேட்டரிப் பொருள். அதற்கு ஃபாரட் அலகு பொருந்தாது. மில்லி ஆம்பியர் மணியிலேயே எழுதுங்கள்.

படி 3: மின்பகுளி

வழக்கமாக லிட்டருக்கு 6 மோல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பலர் தடுக்கி விழும் இடம் இது. கணக்குப்படி லிட்டருக்கு 337 கிராம் என்று நிறுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் குப்பியில் வரும் வில்லைகள் பொதுவாக 85 சதவீதம்தான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மீதி பெரும்பாலும் நீர். எனவே 396 கிராம் போட்டால்தான் 6 மோல் வரும். இல்லையென்றால் கையில் இருப்பது சுமார் 5.1 மோல். குப்பியின் லேபிளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கரைக்கும்போது நன்றாகச் சூடேறும். பிளாஸ்டிக் பீக்கரில், பனிக்கட்டித் தொட்டிக்குள் வைத்து, தண்ணீரில் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சேமிப்பதும் பாலிப்ரொப்பிலீன் குப்பியில்தான். அடர்காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும். இறுக மூடி வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய்க் கார்பனேட்டாகி, கடத்துத்திறனைக் குறைத்துவிடும்.

படி 4: தூள் தயாரித்தல்

ஒரு கிராம் கோபால்ட் ஹைட்ராக்சைடுக்கு 3.13 கிராம் கோபால்ட் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் வேண்டும். வடிகட்டுவதிலும் கழுவுவதிலும் கொஞ்சம் போகும் என்பதால் நான் 4 கிராம் எடுப்பேன். அதை 50 மில்லி நீரில் கரையுங்கள். தனியாக 100 மில்லி நீரில் லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள காரக் கரைசல் தயாரித்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் மூன்று மடங்கு காரம் அதில் இருக்கும், அது வேண்டும்.

இரண்டு நீரையும் முன்னதாகக் கொதிக்கவைத்து ஆறவைத்திருக்க வேண்டும், அல்லது அரை மணி நேரம் நைட்ரஜன் ஊதியிருக்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் தூள் கழுவும்போதே பழுப்பேறிவிடுகிறது, பிறகு 'என் ஹைட்ராக்சைடு ஏன் ரோஜா நிறமாக இல்லை' என்று கேட்கிறார்கள்.

எதை எதில் ஊற்றுவது என்பதும் முக்கியம். பீட்டா வேண்டுமென்றால் கோபால்ட் கரைசலைக் காரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசிவரை காரம் மிகுதியாகவே இருப்பதால் நீலம் நிலைக்காமல் சீக்கிரம் ரோஜாவாகிவிடும். ஐம்பது, அறுபது டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கினால் மாற்றம் முழுமையடையும். காரத்தைக் கோபால்ட்டுக்குள் விட்டால் காரம் பற்றாக்குறையாக உள்ள நேரமே அதிகம். ஆல்ஃபா வடிவம் சிக்கிக்கொள்ளும்.

ஆல்ஃபாதானே நல்லது, அடுக்கு இடைவெளி அதிகம், கொள்திறன் கூட வருமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பீட்டாவில் அடுக்குகளுக்கு இடையே சுமார் 4.6 ஆங்ஸ்ட்ராம், ஆல்ஃபாவில் இடையில் நைட்ரேட்டும் நீரும் உட்கார்ந்திருப்பதால் 7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். ஆனால் 6 மோல் காரத்தில் போட்டு வைத்தால் ஆல்ஃபா தானாகவே பீட்டாவாக மாறிவிடுகிறது. அலுமினியம் போன்ற மூன்று மின்சுமை அயனியை அடுக்குக்குள் கலந்து நிலைப்படுத்தினால்தான் தாக்குப்பிடிக்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். பீட்டாவில் தொடங்குங்கள்.

வடிகட்டி, கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவி, கடைசியாக எத்தனாலில் ஒருமுறை அலசி, 60 டிகிரியில் வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள்.

படி 5: தூள் அதுதானா?

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் பீட்டாவுக்கு 19 டிகிரியிலும் 38 டிகிரியிலும் தெளிவான முகடுகள் வரும். ஆல்ஃபா என்றால் 11 டிகிரிக்குப் பக்கத்தில். பெரும்பாலான கருவிகளில் இருப்பது செம்புக் குழாய். அந்தக் கதிர் கோபால்ட்டை ஒளிரவைப்பதால் படத்தின் அடித்தளமே மேலே தூக்கிக்கொண்டு, முகடுகள் மூழ்கினது போலத் தெரியும். தூள் படிகமாகவில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். உணர்வியில் ஆற்றல் வடிகட்டல் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள், அல்லது கோபால்ட் குழாயுள்ள கருவியைத் தேடுங்கள்.

படி 6: நிக்கல் நுரையில் பூசுதல்

நிக்கல் நுரையை, அதாவது நுரை போலத் துளைகள் நிறைந்த நிக்கல் தகட்டை, 1 செ.மீ. அகலம், 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். லிட்டருக்கு 3 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பத்து நிமிடம் வைத்து மேலுள்ள ஆக்சைடைக் கழற்றி, நீரிலும் எத்தனாலிலும் அலசி உலர்த்தி எடை போடுங்கள்.

தூள் 80, அசிட்டிலீன் கரி 10, பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) பிணைப்பான் 10 என்ற எடை விகிதம் போதும். பிணைப்பான் பெரும்பாலும் 60 சதவீத நீர்க்கலவையாக வரும், அதைக் கணக்கில் சேருங்கள். சில சொட்டு எத்தனால் விட்டு உரலில் அரைத்தால் முதலில் சேறு போல இருக்கும், பிறகு பிணைப்பான் நூல்விட்டு, கரண்டியால் தூக்கினால் ரப்பர் போல இழுபடும். அந்தப் பதம்தான் பூசுவதற்குச் சரி. நுரையின் ஒரு முனையில் 1 சதுர செ.மீ. பரப்பில் தேய்த்து, 60 டிகிரியில் உலர்த்தி, சுமார் 10 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

எடையைப் பற்றி ஒரு சொல். நிக்கல் நுரை பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லி கிராமுக்குக் குறையாது. அதில் நீங்கள் ஒட்டுவது 5 மில்லி கிராம். ஒரு மில்லி கிராம் மட்டும் ஒட்டிவிட்டு, 0.1 மில்லி கிராம் வரைதான் காட்டும் தராசில் நிறுத்தால், எடுத்த எடுப்பிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் பிழை. கொள்திறன் பிரமாதமாக வரும் பல கதைகள் தராசிலேயே தொடங்குகின்றன.

அதே நாளில் தூள் பூசாத, ஆனால் அமிலம், உலர்த்தல், அழுத்தம் எல்லாம் ஒரே மாதிரி பட்ட வெற்று நுரைத் துண்டு ஒன்றையும் தயார் செய்யுங்கள். காரத்தில் நிக்கலின் மேற்பரப்பே ஹைட்ராக்சைடாகி மின்வினையில் கலந்துகொள்ளும். கோபால்ட்டை நுரைமீது நேரடியாக வெப்பநீர் முறையில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். அந்தச் சூட்டில் நுரையும் சேர்ந்து வினைபுரிகிறது. வெற்று நுரை தந்த மின்சுமையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பொருளுடையது. சந்தேகம் இருந்தால் அதே பசையைக் கார்பன் தாளில் பூசி ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 7: கலத்தைக் கட்டுதல்

மூன்று மின்முனைக் கலம். ஒப்பீட்டுக்குப் பாதரசம்-பாதரச ஆக்சைடு மின்முனை, உள்ளேயும் அதே செறிவுள்ள காரம். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்முனையை அடர்காரத்தில் முக்காதீர்கள். குளோரைடு வெளியே கசியும், காரம் உள்ளே புகும், மின்னழுத்தம் நாளுக்கு ஒன்றாகக் காட்டும். மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனைக்கு, நாம் பூசிய வேலை மின்முனையைவிடப் பல மடங்கு பெரிய நிக்கல் வலை போதும். பூச்சுப் பகுதி முழுக்க மூழ்கட்டும், கவ்வி நனையக்கூடாது. மின்னோட்டம் கொடுக்குமுன் பூச்சு நன்றாக நனையும் வரை மட்டும் ஊறவிடுங்கள்.

படி 8: சுழல் வோல்ட்டமெட்ரி

இங்கிருந்து எல்லா மின்னழுத்தமும் பாதரச ஆக்சைடு மின்முனைக்கு எதிராக. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை இது. நொடிக்கு 5 மில்லி வோல்ட் வேகத்தில் மைனஸ் 0.1 முதல் 0.5 வோல்ட் வரை ஓட்டுங்கள். ஹைட்ராக்சைடு ஆக்சிஹைட்ராக்சைடாகும் சமநிலை 0.07 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. முகடு அதற்குச் சற்று மேலே வரும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒவ்வொன்றாக வரும் முகடுகளின் இரண்டாவது இணை 0.4 வோல்ட் பக்கத்தில் தெரியும். அதுதான் ஆக்சிஹைட்ராக்சைடு டை ஆக்சைடை நோக்கிப் போவது. கெட்ட நேரம், நிக்கலின் முகடும் அங்கேதான் வந்து உட்காரும். ஆக்சிஜன் வெளியேறும் சமநிலையோ 0.3 வோல்ட்தான், மேலே போகப் போக வளைவு செங்குத்தாக எழும்பும். எனவே 288க்கு மேல் ஓர் எண் கிடைத்தால் அது இரண்டாவது எலெக்ட்ரானா, நுரையா, ஆக்சிஜன் குமிழா என்று மூன்றையும் விசாரித்துவிட்டுத்தான் கோபால்ட்டின் கணக்கில் எழுத வேண்டும்.

முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் ஒரே மாதிரி இருக்காது. முதல் ஏற்றத்தில் ஆக்சிஹைட்ராக்சைடானதில் ஒரு பகுதி திரும்பி வருவதே இல்லை. பத்துச் சுற்று ஓட்டி வளைவு ஒன்றன்மேல் ஒன்று படிந்த பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

படி 9: சார்ஜ், டிஸ்சார்ஜ், கணக்கு

கிராமுக்கு 288 மில்லி ஆம்பியர் என்பது ஒரு மணி நேர வேகம். உங்களிடம் கரியும் பிணைப்பானும் நீங்கலாக 5 மில்லி கிராம் தூள் இருந்தால் 1.44 மில்லி ஆம்பியர். சார்ஜ் 50 நிமிடம் நடந்து மேல் எல்லையைத் தொட்டது, டிஸ்சார்ஜ் 42 நிமிடத்தில் கீழ் எல்லைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனது 1.2 மில்லி ஆம்பியர் மணி, வெளியே வந்தது 1.008. ஐந்து மில்லி கிராமால் வகுத்தால் கிராமுக்கு 202. உச்ச வரம்பில் 70 சதவீதம், நம்பத்தகுந்த எண். கூலும் திறன், அதாவது உள்ளே போனதில் வெளியே வந்த பங்கு, 84 சதவீதம். தொலைந்த 16 சதவீதம் பெரும்பாலும் ஆக்சிஜனாகப் போயிருக்கும். மேல் எல்லையை 0.05 வோல்ட் இறக்கி மறுபடி ஓட்டினால் திறன் ஏறும். ஏறினால் ஆக்சிஜன்தான் காரணம் என்று தெரிந்துவிடும்.

நூறு சுற்றுக்குப் பிறகு கொள்திறன் சரிந்தால் மின்பகுளியை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். லேசான நீலம் தெரிந்தால் கோபால்ட் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன நிலையிலுள்ள ஹைட்ராக்சைடு அடர்காரத்தில் நான்கு ஹைட்ராக்சைடு சூழ்ந்த நீல அயனியாகக் கரையும். சார்ஜ் ஆன பழுப்பு அப்படிக் கரைவதில்லை. அதனால் மின்முனையை இரவு முழுக்க முழு டிஸ்சார்ஜில் ஊறப்போடுவது அதைக் கொல்லும் வழி. சோதனையை நிறுத்த வேண்டியிருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்.

படி 10: அதே கரைதலை நிக்கலுக்குச் சாதகமாக்குதல்

நேர்முனைக்குக் கெடுதலான இந்தக் கரைதலைத்தான் நிக்கல் பேட்டரி செய்பவர்கள் கருவியாக்கினார்கள். நிக்கல் ஹைட்ராக்சைடு தூளுடன் ஐந்து சதவீதம் அளவுக்குக் கோபால்ட் மோனாக்சைடு கலந்து கலத்தை மூடி ஊறவைத்தால், அது கரைந்து நீல அயனியாகி, நிக்கல் துகள்களின் இடுக்குகளில் போய் ஹைட்ராக்சைடாகப் படியும். முதல் சார்ஜில் நிக்கலுக்கு முன்பே கோபால்ட் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கடத்தும் வலையாக இறுகிவிடும். நிக்கல் வேலை செய்யும் மின்னழுத்தம் கோபால்ட்டுடையதைவிட 0.3 வோல்ட் போல மேலே இருப்பதால், வழக்கமான டிஸ்சார்ஜில் அந்த வலை கலையாது. முதல் சார்ஜை மெதுவாக, பத்து மணி நேர வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ கொடுங்கள். வலை சீராக விழுவதற்கு அவசரம் ஆகாது.

கலத்தை ஒரு வோல்ட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டே போனால் மட்டும் வலையும் ஹைட்ராக்சைடுக்குத் திரும்பிக் கரையும். கருவியை அணைக்காமல் மாதக்கணக்கில் விட்ட நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரி பழைய திறனுக்கு வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 11: எதிர்முனைப் பக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். உலோகக் கோபால்ட் ஹைட்ராக்சைடாகும் சமநிலை மைனஸ் 0.83 வோல்ட், ஹைட்ரஜன் வெளியேறுவது மைனஸ் 0.93. அதாவது ஹைட்ரஜன் கிளம்புமுன் கோபால்ட் சார்ஜ் ஆக 0.1 வோல்ட் இடம் இருக்கிறது. இரும்புக்கு அந்த வசதி கிடையாது. கோபால்ட் தூளைப் போரான், சிலிக்கான், கந்தகம் போன்றவற்றுடன் பந்து ஆலையில் அரைத்த பொருள்களை மைனஸ் 1.1 முதல் மைனஸ் 0.5 வரை சோதியுங்கள். தொடக்கத்தில் இவை ஹைட்ரஜனை உறிஞ்சுவதாக நம்பினார்கள். டிஸ்சார்ஜ் ஆன மின்முனையைக் கழுவி எக்ஸ் கதிரில் வைத்தால் உலோக முகடுகள் தேய்ந்து 19 டிகிரியில் நம் பழைய நண்பர் பீட்டா ஹைட்ராக்சைடு வந்து நிற்பார். பெரும்பாலும் உலோகம் ஹைட்ராக்சைடாவதுதான் நடக்கிறது.

உலோகக் கலவை வேடம் வேறு கதை. லாந்தனம்-நிக்கல் கலவை ஹைட்ரஜனை ஏற்கும்போது கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு வீங்கி, சுருங்கி, பொடிப்பொடியாகிவிடும். பிலிப்ஸ் ஆய்வகத்தில் வில்லெம்ஸ் 1984இல் நிக்கலில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோபால்ட் சேர்த்து வீக்கத்தைக் குறைத்துக் காட்டிய பிறகுதான் அந்த வகை எதிர்முனை நீண்ட ஆயுள் பெற்றது. பிற்காலத்தில் பரவலான கலவையில், ஒரு லாந்தன வகை அணுவுக்கு ஐந்தாக உள்ள நிக்கல் இடங்களில் 0.75 பங்கு கோபால்ட்.

படி 12: முழுக் கலம்

துத்தநாகத்துடன் சேர்த்தால் முதல் இணையில் சுமார் 1.4 வோல்ட், இரண்டாம் இணை வேலை செய்தால் 1.7க்கு மேல். மின்பகுளியில் துத்தநாக ஆக்சைடைக் கரையும் மட்டும் கரைத்துவிட்டுத் தொடங்குங்கள். எதிர்முனைக் கொள்திறன் நேர்முனையைவிட அதிகமாக இருக்கட்டும், ஆனால் பத்து மடங்கு துத்தநாகத் தகட்டை வைத்துவிட்டு ஆயிரம் சுற்று ஓடியது என்று எழுதாதீர்கள். ஓடியது தகட்டின் இருப்பு.

சோதனை முடிந்ததும் கலத்தைத் திறந்து இரு முனைகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள பிரிப்பானையும் தனித்தனியே படம் எடுங்கள். பிரிப்பானில் பழுப்புத் திட்டு இருந்தால் கரைந்த கோபால்ட் அங்கே வந்து படிந்திருக்கிறது. அடுத்த கலத்தில் கார அடர்த்தியைக் குறைத்தோ கீழ் எல்லையை உயர்த்தியோ பாருங்கள். கழிவுக் காரத்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நீர் விட்டு நீர்க்கச் செய்து, அமிலத்தால் காரத்தன்மையை பி.எச். 10 வரை இறக்கினால் கோபால்ட் வீழ்படிவாகிவிடும். வடிகட்டிய தூள் கோபால்ட் கழிவு என்று எழுதிய குப்பிக்குள், தெளிந்த நீர் நடுநிலையாக்கிய பின் கழிவு சேகரிப்பவரிடம்.